ஒன்பது பேருக்கு முதலிடம்

சிலருக்கு எதைப் பார்த்தாலும் ருசி பார்க்கத் தோன்றும். சிலருக்குப் படம் எடுக்கத் தோன்றும். எனக்கு வரிசைப்படுத்தத் தோன்றும். நாற்பத்து நான்கு வயதுவரை இதைத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படகுத்துறையில் நின்றால், ஆறு தன்பாட்டுக்குப் பழுப்பாகப் போய்க்கொண்டிருக்கும், பறவைகள் வெயிலைக் கிழித்துக் கிழித்துப் போடும், நான் மட்டும் எந்தப் படகு குறைந்த ஆளை வைத்துக்கொண்டு அதிகம் பேரை அக்கரை சேர்க்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டில் எந்தப் பந்தி சீக்கிரம் எழுந்தது. மழையில் எந்தத் தெரு முதலில் வடிந்தது. பெண் பார்க்கப் போன அன்று நான் பலகாரத் தட்டையும் பரிமாறிய ஆட்களையும் மாறி மாறிப் பார்த்ததாக என் மனைவி செல்வி இன்றும் சொல்கிறாள். (அப்போதே சுதாரித்திருக்கலாம். அவள் தலையெழுத்து.)

இந்த வியாதிக்குச் சம்பளம் கொடுக்கவும் ஒரு கம்பெனி கிடைத்தது. எங்கள் பர்மிய நகரத்தின் கியாக்டடாப் பகுதியில், ஸூலே பகோடாவைப் பஸ்கள் சுற்றிச் சுற்றி வருகிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, சுவரில் ஆலங்கன்று முளைத்த பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஊர் ஊராகக் கிளை வைத்துச் சரக்கு அனுப்புகிறவர்கள். எந்தக் கிளை ஒழுங்காக நடக்கிறது, எது தூங்குகிறது என்று சொல்வது என் வேலை. அதற்கு நான் படித்து வைத்திருந்த வித்தையின் பெயர் தரவு உறைப் பகுப்பாய்வு.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிளையும் சிலவற்றை வாங்கிக்கொள்கிறது: ஆட்கள், இடம், எரிபொருள். இவை உள்ளீடு. சிலவற்றைத் திருப்பித் தருகிறது, அவை வெளியீடு. குறைவாக வாங்கி நிறையத் தருகிறவர்களை வெளி ஓரத்தில் நிற்க வைத்து, அவர்களைச் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தொட்டு நிற்பவருக்கு மதிப்பெண் ஒன்று. உள்ளே ஒடுங்கி நிற்பவருக்கு ஒன்றுக்குக் கீழே. கயிற்றைத் தொட அவர் எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் கணக்கே சொல்லிவிடும்.

இதில் என்னை மயக்கியது அதன் தாராள குணம். பரீட்சை எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையும், எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றால் எப்படி இருக்கும்? கணக்கு வராதவன் கணக்குக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு ஓவியத்தில் நிமிர்ந்து நிற்கலாம். அப்படித்தான் இதுவும். உனக்குப் பிடித்த தராசிலேயே உன்னை நிறுத்தினேன், அப்படியும் நீ இளைத்திருக்கிறாய் என்றால் நான் என்ன செய்ய? இந்த வரியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததும் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் இந்த வித்தையோடு சேர்ந்து வரும். அளக்கப்படுகிறவர்கள் கொஞ்சமாகவும் அளக்கிற விஷயங்கள் நிறையவும் இருந்தால், எல்லோருமே கயிற்றின் மேல் ஏறிவிடுவார்கள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் நானே சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு போட்டால் படித்த மாதிரிதானே.

இனி கோயில்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழா பத்து நாள். திங்கியான் தண்ணீர் விழாவுக்கு முந்திய, தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற மாதத்தில் வரும். ஒவ்வொரு நாளும் ஒரு குழுவின் மண்டகப்படி. அன்றைய பூஜை, அலங்காரம், அன்னதானம், சாயங்காலம் சப்பரத்தில் அம்மன் வீதி உலா எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் எந்த வேலைக்கு வந்தார்களோ அந்த வேலையின் பேரில் குழு: துறைமுகம், ரயில்வே, நகராட்சி, பால்காரர், செட்டியார், எழுத்தர் என்று பத்து. இன்று ரயில்வே குழுவில் ரயில்வேக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் கைபேசி பழுது பார்க்கிறார், ஒருவர் பல் டாக்டர். செட்டியார் குழுவில் மிச்சம் இரண்டே வீடு. ஆனாலும் நாள் என்றால் நாள்தான். ஒருவர் நாளை இன்னொருவர் தொட முடியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வருஷம் மட்டும் வேறு மாதிரி விடிந்தது. இனிமேல் சப்பரம் தெருவில் இறங்க ஒன்பது நாளுக்குத்தான் அனுமதி என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பத்துக் குழு, ஒன்பது நாள். கோயில் தலைவர் ஊ சம்முகம் கூட்டம் போட்டார். (பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஊ பர்மிய மரியாதை. அவருக்கு அது பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது போல இருக்கும்.) யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மின்விசிறி இரண்டு தடவை நின்று மூன்றாம் தடவை சுற்ற ஆரம்பித்தபோது நான் எழுந்தேன். உட்கார்ந்திருக்கலாம். கால் கேட்கவில்லை.

"ஊலே, இதுக்கு ஒரு வழி இருக்கு," என்றேன். பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "யாரு கொறஞ்ச ஆளையும் கொறஞ்ச பொருளையும் வச்சு நெறைய செய்றாங்கன்னு கணக்கு பாக்கலாம். கடைசில வர்ற குழு நாள விட்டுக் குடுக்கட்டும். யாரு மேலயும் யாருக்கும் கோவம் வராது."

"கணக்கு மேல கோவம் வந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கணக்கு கோவிச்சுக்காது," என்றேன். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில் என் மச்சான் மாரிமுத்து உட்கார்ந்திருந்தார். செல்வியின் அண்ணன். போட்டாதாங் படகுத்துறையில் சுமை இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. துறைமுகக் குழுவின் தலைவர். ஏழாம் நாள் அவர்களுடையது. வருஷம் முழுக்க அடுத்தவர் மூட்டைக்கு அடியில் இருக்கிற அறுபது சொச்சம் பேருக்கு, மேஸ்திரியின் தலையில் பட்டுத்துணி பரிவட்டமாகக் கட்டி, முதல் விபூதி கொடுக்கிற ஒரே சாயங்காலம் அது. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பீடியை மட்டும் காதில் செருகிக்கொண்டார்.

பாரம் அச்சடித்தேன். நான்கே கேள்விகள். திருவிழாவுக்கு உங்கள் குழுவில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? எத்தனை மூட்டை கரி? எத்தனை பேருக்குச் சாப்பாடு? அம்மன் வீதி உலா நடந்ததா? கடைசிக் கேள்விக்குப் பத்துக் குழுக்களும் ஆம் என்று எழுதியிருந்தன. எல்லோருக்கும் ஒரே பதில் என்றால் அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. ஆகவே அந்தக் கட்டத்தை அட்டவணையிலிருந்து நீக்கினேன். அம்மனை நீக்கினேன் என்றும் சொல்லலாம். ஆள்காட்டி விரலால், ஒரே அழுத்து.

மற்ற குழுக்கள் பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டுப் பேர் என்று எழுதியிருந்தன. மூன்று மூட்டை, நான்கு மூட்டை கரி. துறைமுகக் குழு அறுபத்து நான்கு பேர், பதினோரு மூட்டை. சாப்பாடு போட்டது எல்லோரையும் போலத்தான். கணக்கை ஓட்டினேன். மூன்று குழுக்கள் கயிற்றின் மேல். ஆறு குழுக்கள் பக்கத்தில். மச்சான் எங்கோ உள்ளே, கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில்.

வீட்டில் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

"யாரு கடைசி?" என்றாள் செல்வி.

"இன்னும் முடியல."

"ஒங்க மூஞ்சில முடிஞ்சிருச்சு. எங்கண்ணனா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"ஏழாம் நாளு போச்சுன்னா அண்ணன் சாப்புடமாட்டாரு. அவரு சாப்புடாட்டி அண்ணி சாப்புடமாட்டாங்க. அவங்க சாப்புடாட்டி நான் ஒல வைக்கமாட்டேன். இதுல எது உள்ளீடு, எது வெளியீடுன்னு நீங்களே பாத்துக்குங்க."

எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தவனுக்கு யோசனையும் வரும். இந்த முறைதான் தாராளமானதாயிற்றே. மச்சான் குழு எதிலாவது உசத்தியாக இருக்கும். அதை ஒரு வெளியீடாகச் சேர்த்துவிட்டால் அவரும் கயிற்றைத் தொட்டுவிடுவார். இது ஏமாற்று இல்லை, நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டாதாங்குக்குப் போனேன். மச்சான் கிடங்கு நிழலில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். படகிலிருந்து வெங்காய மூட்டைகள் தோள் மாறித் தோள் மாறிக் கரையேறிக்கொண்டிருந்தன.

"மச்சான், ஒங்க குழு எதுல உசத்தி? மத்தவங்க செய்யாதது, நீங்க செய்றது?"

"என்னா மாப்ள. சோறு போடுறோம். சாமி தூக்குறோம்."

"சாமிய எல்லாரும் தூக்குறாங்க மச்சான். பாரத்துல எழுதியிருக்காங்க."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "எழுதியிருக்காங்களா," என்றார். "அப்ப சரி நோ." (எங்கள் தமிழுக்கு அந்த 'நோ' ஒரு பர்மிய வால். 'அப்படித்தானே' என்று அர்த்தம். அன்று அவர் அதை ஆட்டிய விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.)

"பூ? பூ நெறைய கட்டுவீங்கல்ல?"

"பொம்பளைங்க கட்டுவாங்க. முன்னூறு மொழம் வரும்."

பூவைச் சேர்த்தேன். நகராட்சிக் குழு நானூறு முழம் கட்டுகிறதாம், பதினெட்டே பேரை வைத்து. நகராட்சி கயிற்றில் ஏறியது. மச்சான் இருந்த இடத்திலேயே இருந்தார். மேளம் சேர்த்தேன், பால்காரர்கள் ஏறினார்கள். சங்கு சேர்த்தேன், அதற்கும் ஒருவர் ஏறினார். மச்சானுக்காக நான் திறந்த ஒவ்வொரு கதவிலும் வேறு யாரோ குனிந்து நுழைந்தார்கள்.

இதற்குள் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. முதலில் வந்தவர் என் சொந்தச் சித்தப்பா தங்கராசு. என் அப்பா வழிக் குழு எழுத்தர் குழு, நாலாம் நாள். பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி.

"அண்ணன் மவனே," என்றார், செருப்பைக் கழற்றாமலே. "தொறமொகத்துக்காரனுக்குப் பூவ சேத்தியாமே."

"அது பொதுவா சேத்தது சித்தப்பா."

"நாங்க அழைப்பிதழ் அடிக்கிறோம். பத்து நாளுக்கும். ஒரு எழுத்துப் பிழை கெடையாது. அதையும் பொதுவா சேரு."

சேர்த்தேன். ரயில்வே குழு நேரத்துக்குக் கிளம்புவதைச் சேர்க்கச் சொன்னது. செட்டியார் குழு வெள்ளிப் பாத்திரத்தை. இன்னொரு குழு, தங்கள் நாளில் ஒருதடவைகூட மழை பெய்ததில்லை என்பதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டது. அதை மட்டும் மறுத்தேன், எனக்கும் கொள்கை உண்டு என்று. வாரக் கடைசியில் பத்துக் குழுக்களுக்குப் பதின்மூன்று கட்டங்கள். சிவப்புக் கோடு போட்ட பக்கம் அலமாரியில் அமைதியாக இருந்தது.

முடிவு அறிவிக்கிற கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தாளைப் பிரித்துப் படித்தேன். ரயில்வே, ஒன்று. பால்காரர், ஒன்று. செட்டியார், ஒன்று. படிக்கப் படிக்கத்தான் எனக்கே காதில் விழுந்தது. ராத்திரி திரையில் பார்த்தபோது எல்லாம் எண்ணாக இருந்தது. மனிதர்கள் முன்னால் படிக்கும்போது அது வேறு ஏதோவாக இருந்தது.

"ஒம்போது குழுவும் மொதலா?" என்றார் ஊ சம்முகம்.

"ஆமா ஊலே."

"அப்ப ரெண்டாவது யாரு?"

"ரெண்டாவது இல்ல ஊலே. பத்தாவதுதான்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே எல்லோரும் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வித்தையில் கடைசிப் பத்தி ஒன்று உண்டே, பின்தங்கியவர் என்ன செய்தால் தேறலாம் என்று. அதையும் படித்தேன். நடுங்காத குரலில் படித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. துறைமுகக் குழு பெற்றது பூஜ்யம் புள்ளி மூன்று. பத்தொன்பது பேர் போதும். நாற்பத்தைந்து பேர் மிகை.

மச்சான் எழுந்து முன்னால் வந்தார். தூண் அளவுக்கு உயரம். நடந்தால் தரை கொஞ்சம் யோசிக்கும்.

"அந்தத் தாள குடு மாப்ள."

கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஏழாம் நாளு இல்ல. சரி. கணக்கு சொன்னா கேட்டுக்கணும்," என்றார் தலைவரிடம். "நாளு இல்லேன்னாலும் வேலைக்கு வருவோம் ஊலே. பத்தொம்போது பேரு."

"பெரிய மனசு," என்றார் ஊ சம்முகம். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து செல்வி சொன்னபடியே உலை வைக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் தெருமுனையில் மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் நூடுல்ஸ் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அதுவும் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். மகள் மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

முதல் நாள் ரயில்வே குழுவுடையது. சொன்ன நேரத்துக்குச் சப்பரம் தயார். தேக்குச் சட்டம், பித்தளைத் தகடு, நடுவில் அம்மன், மேலே பட்டுக்குடை, அடியில் கப்பல் பாய்மரம் போல நீண்ட வாரைகள். வெயில் இறங்கித் தெரு செம்பு நிறமாக ஆகியிருந்தது. ரயில்வே குழு பதினாறு பேரும் சந்தனம் பூசி வரிசையாக நின்றார்கள். துறைமுகத்திலிருந்து பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். தலையை எண்ணினேன், சரியாகப் பத்தொன்பது. முன் வாரையில் வலப்பக்கம் போய்த் தோளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மச்சான் இல்லை. அவர் தன்னையும் மிகையான நாற்பத்தைந்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் ஏறியது. தூக்கு என்றார்கள். வலது முன்மூலை மட்டும் ஒரு சாண் எழுந்து, யோசித்து, இறங்கியது.

"ஆளு எங்க?" என்றார் பல் டாக்டர்.

"நாமதான் ஆளு," என்றார் கைபேசிக்காரர்.

"இல்ல, எப்பவும் இருப்பாங்களே. அவங்க."

"யாரு?"

பல் டாக்டர் யோசித்தார். இருபது வருஷமாகச் சப்பரத்துக்கு முன்னால் கை கூப்பி நடந்தவர். அடியில் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. "நீலச் சட்டை போட்டுக்கிட்டு," என்றார் மெதுவாக. "நெறைய பேரு."

ஊ சம்முகம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மார்போடு கணக்குக் கோப்பை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"கோ பாலு," என்றார். (என் வயசுக்கு ஊ கிடையாது, கோதான்.) "அந்த பைல கீழ வை. தோளக் குடு."

கொடுத்தேன். ஒன்பது முதலிடங்களும் கொடுத்தன. செட்டியார் வீடு இரண்டும், பால்காரர்களும், வேட்டி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு நகராட்சியும், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு என் சித்தப்பாவும். எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தரையில் இல்லை என்ற அளவில். தோள்கள் ஒரே உயரத்தில் இல்லை, கால்கள் ஒரே சொல் கேட்கவில்லை, ஆளாளுக்கு ஒரு தராசு. பதினோரு எட்டு போனோம். பன்னிரண்டாவதில் அம்மன் டீக்கடைப் பக்கமாகச் சாய்ந்தாள். நிமிர்த்துகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளினோம். குடை மின்கம்பியில் போய் மாட்டியது. நல்ல வேளை, எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு மின்வெட்டு முறைப்படி மின்சாரம் இல்லை. இறக்கு இறக்கு என்று ஏழெட்டுக் குரல். இறக்கினோம். நாற்சந்தியின் நட்ட நடுவில்.

நாலு பக்கமும் பஸ்கள் நின்றன. ஒரு நடத்துனர் படிக்கட்டில் தொங்கியபடி எவ்வளவு நேரம் ஆகும் என்று பர்மியத்தில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள், கன்னத்தில் தனகாப் பூச்சு வியர்வையில் கோடாக வழிய, நின்றதுதான் நின்றோம் என்று அம்மனுக்கு மல்லிகைச் சரம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

"போயி ஒம் மச்சான கூட்டிட்டு வா," என்றார் ஊ சம்முகம்.

வண்டி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நகராது, நெரிசல் நாங்கள் உண்டாக்கியது. ஸ்ட்ராண்ட் ரோடு நெடுக நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். ஒரு பக்கம் கிடங்குச் சுவர், ஒரு பக்கம் ஆறு. வலது தோள் தனியாக அழுதுகொண்டு கூட வந்தது. வழியில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எந்த வாக்கியமும் பாதிக்கு மேல் போகவில்லை.

துறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானோடு சேர்த்து நாற்பத்தைந்து பேர். குளித்து, துவைத்த நீலச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி வைத்து, படகுத்துறைப் பலகைகளின் மேல் வரிசையாக, ஆற்றைப் பார்த்துக்கொண்டு. வேலைக்குக் கிளம்பியவர்கள் போலவும் இருந்தது, துக்கத்துக்கு வந்தவர்கள் போலவும் இருந்தது.

"வா மாப்ள. தண்ணி குடி."

"மச்சான், சப்பரம் எந்திரிக்கல."

"எப்புடி எந்திரிக்கும். அறுவது தோளாவது வேணும்."

"நீங்க வாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி நீட்டினார். "நாப்பத்தஞ்சு பேரு மிகைன்னு போட்டிருக்கே. வந்தா குத்தமாயிராது?"

"கணக்கு தப்பு மச்சான்."

"கணக்கு தப்பில்ல. கேட்டது தப்பு. திருவிழாவுக்கு எத்தன பேருன்னு கேட்ட. நாங்க பத்து நாளும் வர்றோம், அறுவத்தி நாலுன்னு எழுதினேன். மத்தவங்க அவங்க அவங்க நாளுக்கு எழுதினாங்க. பத்து நாளும் தூக்குறவனுக்குக் காலைல கஞ்சி காய்ச்சறோம். பதினோரு மூட்ட கரி அதுக்கு."

பத்துக் குழுவின் உலாவும் நடந்தது இவர்கள் தோளில். ஆள் மச்சான் கணக்கில், உலா மற்றவர் கணக்கில். இதுகூடத் தெரியாமல் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஒரு நாட்டின் கிளைகளையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"சொன்னனே. சாமி தூக்குறோம்னு. நீ பூ பத்தி கேட்ட."

பின்னால் இருந்து ஒருவர், "நான் முப்பதாவது ஆளு. நானு மிகையா, இல்ல நாப்பதாவது ஆளுலேருந்துதான் மிகையா?" என்று கேட்டார். இன்னொருவர், "வாய மூடு, நீ பொறந்ததே மிகை," என்றார். நாற்பத்தைந்து பேரும் சிரித்தார்கள். நான் ஊ சம்முகத்துக்குப் போன் போட்டேன்.

"ஊலே, அவங்க ஏழாம் நாளு," என்று ஆரம்பித்தேன்.

"அவங்களுக்கேதான். எப்பவும் அவங்களுக்கேதான். அம்மன் இங்க பஸ் ஸ்டாப்புல நிக்கிது, சீக்கிரம் வா."

குரல் எல்லோருக்கும் கேட்டது. மச்சான் தாளை மடித்து என் பையில் வைத்தார். "கெளம்புங்கப்பா," என்றார். அவ்வளவுதான். நாற்சந்திக்கு வந்ததும் ஒரு மூச்சு, ஒரு குரல். சப்பரம் ஆற்றில் படகு எழுவது போல எழுந்தது. குடை கம்பியிலிருந்து தானாகவே விடுபட்டது. பஸ்கள் நகர்ந்தன. கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

உலா முடிந்து சாமி உள்ளே போனதும் ஊ சம்முகம் மண்டபப் படியில் உட்கார்ந்தார். நாள் ஒன்பது, குழு பத்து, அது மாறவில்லை.

"கணக்கு போட்டவன் குழு எது?" என்றார்.

சித்தப்பா தங்கராசு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுத்தர் குழு தன் நாலாம் நாளை இழந்தது. ஒன்று வாங்கிய குழுதான். ஒன்பது ஒன்றுகளில் ஒன்று.

ஏழாம் நாள் சாயங்காலம் மச்சான் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பத்தொன்பது பேருக்குப் பிறகு வரிசை நீண்டுகொண்டே போனது. எண்ணக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செல்வி அன்று உலை வைத்தாள். எனக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு வந்த சண்டை வேறு. காலியான எண்ணுக்கு யார் நகர்வது? ஐந்தாம் நாள்காரர்கள் நான்காக மாட்டோம் என்றார்கள். இழந்து மீட்ட ஏழாம் நாளை ஆறாம் நாளாக்க மச்சான் சம்மதிக்கவில்லை. ஆகவே யாரும் நகரவில்லை. அழைப்பிதழை இன்னமும் சித்தப்பாதான் மெய்ப்புப் பார்க்கிறார். ஒவ்வொரு வருஷமும் அதில் மூன்றாம் நாளுக்கு மறுநாள் ஐந்தாம் நாள். புதிதாகப் பார்க்கிறவர் யாராவது பிழையைச் சுட்டிக்காட்டினால், "பிழையில்ல, எங்கண்ணன் மவன்," என்கிறார்.

எங்கள் இரண்டு பக்க உறவிலும் நடக்காத காரியத்துக்கெல்லாம் இப்போது ஒரு தேதி இருக்கிறது. மச்சானிடம் பீடியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் அந்தத் தேதியைத்தான் சொல்கிறார். நான் ஒழுகுகிற குழாயை எப்போது சரி செய்வேன் என்று செல்வியிடம் கேளுங்கள், அவளும் அதைத்தான் சொல்வாள். என் மகளுக்குத் தமிழ் காதோடு சரி. எதைக் கேட்டாலும் பர்மியத்தில்தான் பதில் வரும். அறையை எப்போது கூட்டப்போகிறாய் என்று கேட்டால் மட்டும், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், ஒரு எழுத்துகூடப் பிசகாத தமிழில் சொல்கிறாள்:

"நாலாம் நாள்."